சமநிலை காக்கும் தண்டு

பெஸ்தாரி ஜெயாவில் ஒரு மாலை நேரம். முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட இச்சிற்றூரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. பழக்குலைகளை ஏற்றிய லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஆலையை நோக்கிச் செல்கிறது. சாலையோரத்தில் உள்ள சிறிய பட்டறையின் முன் பழைய மகிழுந்து ஒன்று வந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்கும் இளைஞருக்கு இருபது வயதுக்கு மேல் இராது. அவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் கையில் பழைய நாளிதழில் சுற்றப்பட்ட இரும்புத் தண்டு ஒன்று இருக்கிறது.

“அண்ணே, வளைவில் திரும்பும்போது வண்டி மிகவும் சாய்கிறது. பின்னால் உள்ள தண்டைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக் கொடுங்கள். பழையதைவிட இது தடிமனானது,” என்கிறார் அவர்.

பட்டறைக்காரர் தண்டை வாங்கிப் பார்க்கிறார். “போடலாம், தம்பி. அதற்கு முன்பு மூன்று கேள்விகள். இந்த வண்டி எந்தச் சாலையில் அதிகமாக ஓடுகிறது? மழையிலும் இதே வேகத்தில்தான் ஓட்டுவாயா? பின் இருக்கையில் யார் உட்காருகிறார்கள்?”

ஓர் இரும்புத் தண்டை மாற்றுவதற்கு எதற்கு இத்தனை கேள்விகள் என்று இளைஞர் வியக்கிறார். இப்படியொரு காட்சி கோலசிலாங்கூர் மாவட்டத்தின் எந்தப் பட்டறையிலும் நிகழக்கூடியதே. பட்டறைக்காரரின் மூன்று கேள்விகளும் பொருளற்றவை அல்ல. அவற்றின் பின்னால் அறிவியல் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் பாதுகாப்பும் இருக்கிறது.

வண்டி ஏன் சாய்கிறது?

பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்தவர்கள் இதனை நன்கு அறிவர். ஓட்டுநர் வலப்பக்கம் திருப்பினால், நம் உடல் இடப்பக்கம் தள்ளப்படுவதுபோல் தோன்றும். உண்மையில் நம்மை யாரும் தள்ளுவதில்லை. நேராகச் சென்றுகொண்டிருந்த உடல் தொடர்ந்து நேராகவே செல்ல முயல்கிறது. அறிவியல் பாடத்தில் இப்பண்பை நிலைமம் என்று படித்திருக்கிறோம்.

மகிழுந்துக்கும் இதே நிலைதான். வளைவில் திரும்பும்போது டயர்கள் சாலையைப் பற்றிக்கொண்டு வண்டியை வளைவுக்குள் இழுக்கின்றன. டயர்களுக்கு மேலே உள்ள எடையோ நேராகச் செல்ல முயல்கிறது. வண்டியின் எடைமையம் சாலைக்கு மேலே உயரத்தில் இருப்பதால், உடற்கூடு வளைவின் வெளிப்புறமாகச் சாய்கிறது. வெளிப்பக்கச் சக்கரத்தின் சுருள்வில் அமுங்குகிறது. உட்பக்கச் சக்கரத்தின் சுருள்வில் விரிகிறது. சக்கரங்களையும் உடற்கூட்டையும் இணைத்து, மேடு பள்ளங்களின் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும் இந்த அமைப்பைத்தான் பட்டறைகளில் ‘சஸ்பென்ஷன்’ என்கிறார்கள்.

சாய்வைக் குறைக்கச் சுருள்வில்லைக் கடினமாக்கிவிடலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் சாய்வு குறையும். ஆனால், ஒவ்வொரு குழியும் மேடும் பயணிகளின் முதுகைத் தாக்கும். நேராகச் செல்லும்போது மென்மையாகவும் வளைவில் மட்டும் கடினமாகவும் செயல்படும் ஓர் உறுப்பு தேவைப்பட்டது. அந்தத் தேவையை நிறைவு செய்வதுதான் சாய்வுத் தடுப்புத் தண்டு. இதனை ‘ஆன்ட்டி ரோல் பார்’ என்றும் ‘ஸ்டெபிலைசர் பார்’ என்றும் வழங்குவர். இத்தகைய தண்டுக்கான முதல் காப்புரிமையைக் கனடா நாட்டைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919ஆம் ஆண்டில் பெற்றார்.

தண்டு செய்யும் வேலை

இத்தண்டு பார்ப்பதற்கு மிக எளிமையானது. வில்லிரும்பால் ஆன நீண்ட கம்பியின் இரு முனைகளையும் ஒரே பக்கமாக மடக்கினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கும். நடுப்பகுதி வண்டியின் அகலத்துக்குக் குறுக்கே கிடக்கும். ரப்பர் புஷ்களுக்குள் சுழலும் வகையில், இரண்டு பிராக்கெட்டுகள் அதனை உடற்கூட்டோடு பிணைத்திருக்கும். மடங்கிய இரு முனைகளும் சிறிய இணைப்புக் கம்பிகளின் வழியாக இடச் சக்கரத்தோடும் வலச் சக்கரத்தோடும் தொடர்பு கொண்டிருக்கும்.

சாலையில் வேகத்தடை ஒன்றின் மீது வண்டி நேராக ஏறினால், இரு சக்கரங்களும் ஒன்றாக உயரும். அப்போது தண்டு புஷ்களுக்குள் சுழலுமே தவிர முறுக்கப்படாது. அதனால் எதிர்ப்பும் இராது. வளைவில் நிலைமை வேறு. ஒரு பக்கம் அமுங்க, மறுபக்கம் விரிகிறது. தண்டின் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் செல்ல, நடுப்பகுதி முறுக்கப்படுகிறது. ஈரத் துணியைப் பிழிவதற்காக முறுக்கும்போது கைகளில் எதிர்ப்பை உணர்கிறோம் அல்லவா? முறுக்கப்பட்ட தண்டும் அவ்வாறே எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பே உடற்கூட்டின் சாய்வைக் குறைக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. உருண்டையான தண்டின் முறுக்கு எதிர்ப்பு, அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தை நான்கு முறை எழுதி, அவற்றை ஒன்றோடொன்று பெருக்கிப் பார்க்க வேண்டும். மற்ற அளவுகள் எல்லாம் மாறாதிருக்க, 16 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதிலாக 19 மில்லிமீட்டர் தண்டைப் போடுவதாகக் கொள்வோம். 19ஐ 16ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.19 வரும். அதனை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் விடை ஏறத்தாழ 2 ஆகும். தடிமன் கூடியது வெறும் 3 மில்லிமீட்டர். எதிர்ப்பு கூடியதோ இரண்டு மடங்கு!

கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் மாற்றம் வண்டியின் குணத்தையே மாற்றிவிடக்கூடும் என்பதற்கு இக்கணக்கே சான்று. “கொஞ்சம் தடிமன்தானே!” என்று சொல்லித் தண்டு வாங்குவோர் இந்த நான்காம் அடுக்கை மறந்துவிடுகின்றனர்.

பிடிப்பு பிறப்பதில்லை, பகிரப்படுகிறது

தடித்த தண்டு சாலையின் மீதான பிடிப்பைக் கூட்டும் என்று பலர் நம்புகின்றனர். இந்த நம்பிக்கை முழுமையான உண்மை அன்று. சாலையைப் பற்றியிருப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. தண்டு, அவற்றின் மீது விழும் சுமையை எப்படிப் பகிர்வது என்பதைத்தான் மாற்றுகிறது.

வளைவில் உட்பக்க டயர்களின் மீதிருந்த சுமையின் ஒரு பகுதி வெளிப்பக்க டயர்களுக்கு மாறுகிறது. இப்படி மாறும் மொத்தச் சுமை, வண்டியின் எடை, எடைமையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவில் செல்லும் வேகம் ஆகியவற்றைப் பெரிதும் பொறுத்தது. தண்டை மாற்றுவதால் இந்த மொத்தம் பெரிதாக மாறுவதில்லை. அதில் முன் சக்கரங்களின் பங்கு எவ்வளவு, பின் சக்கரங்களின் பங்கு எவ்வளவு என்பதே மாறுகிறது.

டயருக்கு ஓர் இயல்பு உண்டு. சுமை கூடக்கூடப் பிடிப்பும் கூடும். ஆனால், அதே விகிதத்தில் கூடாது. எளிதில் விளங்குவதற்காகச் சில கற்பனை எண்களை எடுத்துக்கொள்வோம். 300 கிலோ சுமை தாங்கும் ஒரு டயர் 300 அலகு பிடிப்பைத் தருவதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு டயர்களும் சேர்ந்து 600 அலகு தரும். வளைவில் ஒரு டயரின் சுமை 450 கிலோவாகவும் மற்றதன் சுமை 150 கிலோவாகவும் மாறினால், முதல் டயர் 420 அலகும் இரண்டாவது டயர் 160 அலகும் தரலாம். மொத்தம் 580. சுமையின் கூட்டுத்தொகை மாறவில்லை. பிடிப்பு மட்டும் குறைந்துவிட்டது. சுமை எந்த இணைச் சக்கரங்களுக்கிடையே அதிகமாக இடம் மாறுகிறதோ, அந்த இணை தன் பிடிப்பை அதிகமாக இழக்கும்.

நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறிய மகிழுந்துகள் முன்சக்கர இயக்கம் கொண்டவை. இயந்திரமும் முன்னால்தான் இருக்கிறது. ஆகவே, வளைவில் வேகம் மிகும்போது முன் டயர்கள் முதலில் பிடிப்பை இழக்கின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டியின் மூக்கு வளைவின் வெளிப்பக்கமாகவே விலகிச் செல்லும். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தெரிந்தே இப்படி அமைக்கின்றனர். ஏனெனில், அந்நிலையில் சாதாரண ஓட்டுநர் அச்சத்தில் எரிபொருள் மிதியிலிருந்து காலை எடுத்தாலும் வண்டியின் வேகம் குறைந்து, முன் டயர்கள் மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

பின்னால் தடித்த தண்டைப் போட்டால், சுமை மாற்றத்தில் பின் சக்கரங்களின் பங்கு கூடுகிறது. முன் சக்கரங்களின் பங்கு குறைகிறது. முன் டயர்களின் பிடிப்பு சற்றே உயர, வண்டி வளைவுக்குள் சுறுசுறுப்பாகத் திரும்புகிறது. இந்த உணர்வைத்தான் இளைஞர்கள் விரும்புகின்றனர். ஆனால், முன்னால் கிடைத்த இலாபம் பின்னால் கொடுத்த விலையால் வந்தது. அளவு மீறினால் பின் டயர்கள் முதலில் பிடிப்பை இழக்கும். நனைந்த சாலையில், வளைவின் நடுவே திடீரென எரிபொருள் மிதியிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னோக்கிச் சாய, பின்பகுதி வழுக்கிச் சுழலக்கூடும். முன்பு காப்பாற்றிய அதே செயல் இப்போது ஆபத்தில் தள்ளும். பட்டறைக்காரர் மழையைப் பற்றிக் கேட்டதன் காரணம் இதுவே.

ஒரு தண்டு இல்லாததால் எழுந்த விவாதம்

சாய்வுத் தடுப்புத் தண்டு எவ்வளவு முக்கியமானது என்பதை அமெரிக்காவின் மகிழுந்து வரலாறு ஒன்று காட்டுகிறது. 1960ஆம் ஆண்டு மாடலாக ஷெவர்லே நிறுவனம் ‘கோர்வேர்’ என்ற மகிழுந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் இயந்திரம் பின்பகுதியில் இருந்தது. எனவே, எடையின் பெரும்பகுதியும் பின்னால்தான் இருந்தது. பின் சக்கரங்கள் மேலும் கீழும் அசையும்போது அவற்றின் கோணமும் வெகுவாக மாறும் வகையில் அச்சு அமைந்திருந்தது. இத்தகைய வண்டியில் முன்புறச் சாய்வுத் தடுப்புத் தண்டு இருந்திருந்தால், சுமை மாற்றத்தின் ஒரு பங்கை முன் சக்கரங்கள் ஏற்றிருக்கும். ஆனால், தொடக்க ஆண்டுகளில் அத்தண்டு வழக்கமான உறுப்பாகப் பொருத்தப்படவில்லை. அதற்குப் பதிலாக, முன் டயர்களில் காற்றழுத்தத்தைப் பின் டயர்களைவிட மிகக் குறைவாக வைக்குமாறு உரிமையாளர்களுக்குக் கூறப்பட்டது.

எல்லா உரிமையாளர்களும் காற்றழுத்தத்தை அவ்வளவு நுணுக்கமாகக் கவனிப்பார்களா? வளைவுகளில் பின்பகுதி வழுக்கியதாக வழக்குகள் தொடுக்கப்பட்டன. 1964ஆம் ஆண்டு மாடலில் முன்புறத் தண்டு வழக்கமான உறுப்பானது. 1965ஆம் ஆண்டு மாடலில் பின்புற அமைப்பே மாற்றி வடிவமைக்கப்பட்டது. அதே 1965ஆம் ஆண்டில் வழக்குரைஞர் ரால்ஃப் நேடர், மகிழுந்துகளின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி வெளியிட்ட நூலின் முதல் அதிகாரம் கோர்வேரைப் பற்றியதாக அமைந்தது. அடுத்த ஆண்டே, அதாவது 1966இல், அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1972இல் வெளிவந்த அரசாங்க ஆய்வு ஒன்று, அக்கால மகிழுந்துகள் பிறவற்றைவிடக் கோர்வேர் மோசமானதன்று என்று கூறியது. விவாதம் இருபுறமும் நீண்டது. எனினும், ஒரு தண்டு இருப்பதும் இல்லாததும், அது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் உயிர் தொடர்பான கேள்விகள் என்பதை உலகம் அறிந்துகொண்டது.

தோட்டச் சாலையும் மலைச் சாலையும்

பட்டறைக்காரரின் முதல் கேள்வி சாலையைப் பற்றியது. சிலாங்கூரின் வடபகுதியில் இருவகைச் சாலைகளையும் காணலாம். கோலகுபு பாருவிலிருந்து சிலாங்கூர் ஆற்று அணையைக் கடந்து பிரேசர் மலையை நோக்கி ஏறும் சாலை வளைவுகள் நிறைந்தது. அங்கே சாய்வு குறைந்த வண்டி ஓட்டுநருக்கு நம்பிக்கையைத் தரும். ஆனால், ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் உள்ள தோட்டங்களுக்குச் செல்லும் செம்மண் சாலைகள் வேறுவகையானவை. கனரக லாரிகள் ஓடி ஓடி இடப்பக்கம் ஒரு குழி, வலப்பக்கம் ஒரு மேடு என்று அவை மாறிமாறிக் கிடக்கும்.

இப்படிப்பட்ட சாலையில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்குகிறது. அப்போது தண்டு முறுக்கப்பட்டு, மறுபக்கச் சக்கரத்தையும் தன்னோடு இழுக்க முயல்கிறது. தண்டு தடிமனாக இருந்தால் இந்த இழுப்பும் வலுவாக இருக்கும். தனித்தனியாக இயங்க வேண்டிய இரு சக்கரங்களும் கட்டிப் போடப்பட்டவைபோல் ஆகிவிடும். உள்ளே அமர்ந்திருப்போரின் தலை இடமும் வலமுமாக ஆடும். சில வேளைகளில் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கவும் கூடும். காடு மேடுகளில் ஓட்டும் நான்குசக்கர இயக்க வாகனங்கள் சிலவற்றில், தேவைப்படும்போது தண்டின் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும் வசதி இருப்பது இதனால்தான்.

பால்மரத் தோட்டங்களில் வேலை செய்த நம் பாட்டிமார்களுக்கு இந்த உண்மை வேறு வகையில் தெரியும். அவர்கள் பால் வாளிகளைக் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து நடந்தனர். ஒரு வாளி ஆடினால் மறுவாளியும் ஆடும். சற்றே வளைந்து கொடுக்கும் கம்பு, நடையின் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். வளையாத கம்போ ஒவ்வோர் அடியையும் தோளில் இறக்கும், பாலும் தளும்பும். தேவை வலிமை மட்டுமன்று. வளைந்து கொடுக்கும் தன்மையும் தேவை.

வாகனப் பந்தயத்திலும் இதுவே நடைமுறை. 2002ஆம் ஆண்டில் மலேசியாவின் கரம்ஜிட் சிங், துணை ஓட்டுநர் எலன் ஓவுடன் இணைந்து, புரோட்டோன் பெர்ட் மகிழுந்தை ஓட்டி, உற்பத்தி மகிழுந்துப் பிரிவில் உலக ரேலி வாகையர் பட்டத்தை வென்றார். ரேலிப் போட்டிகள் மண் சாலையிலும் நடைபெறும். தார்ச் சாலையிலும் நடைபெறும். பொதுவாக, மண் சாலைக்கு மென்மையான தண்டுகளையும் தார்ச் சாலைக்குக் கடினமான தண்டுகளையும் அணிகள் தேர்ந்தெடுக்கின்றன. உலகத்தரப் போட்டியாளர்களும் “எது தடிமன்?” என்று கேட்பதில்லை, “எந்தச் சாலை?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

மாற்றுவதாயின் முறையாக மாற்றுவோம்

தண்டை மாற்றவே கூடாது என்பதில்லை. எல்லாவற்றையும் ஆராய்ந்தபின், சற்றே தடித்த தண்டு பொருத்தமானது என்ற முடிவுக்கு வரலாம். அப்போது வேலை முறையாக நடைபெற வேண்டும்.

முதலாவதாக, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியால் உயர்த்திய பிறகு உறுதியான தாங்கு கால்களின் மீது நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்வது உயிருக்கு ஆபத்தானது.

இரண்டாவதாக, தண்டு மட்டும் மாறினால் போதாது. 16 மில்லிமீட்டர் தண்டுக்குரிய ரப்பர் புஷ், 19 மில்லிமீட்டர் தண்டுக்குப் பொருந்தாது. தண்டின் விட்டத்துக்கு ஏற்ற துளையுள்ள புஷ் வேண்டும். அந்தப் புஷ்ஷைத் தாங்கும் அளவுக்குப் பெரிய பிராக்கெட்டும் வேண்டும். எதிர்ப்பு இரு மடங்காகும்போது, பிராக்கெட் பொருத்தப்பட்ட இடத்தின் மீது விழும் விசையும் கூடுகிறது. மெல்லிய தண்டுக்காக அமைக்கப்பட்ட மெல்லிய தகடு நாளடைவில் விரிசல் காணலாம். பழைய வண்டிகளில் அவ்விடம் துருப்பிடித்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். தேவையானால், அந்தப் பகுதியை முதலில் வலுப்படுத்த வேண்டும். முனைகளில் உள்ள இணைப்புக் கம்பிகளும் கூடிய விசையைத் தாங்குபவையாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, தண்டு அசையும் வழியில் எதுவும் குறுக்கே வரக்கூடாது. சக்கரம் முழுமையாக மேலே சென்றாலும் முழுமையாகக் கீழே இறங்கினாலும், எரிபொருள் கலனிலோ புகைக்குழாயிலோ பிரேக் குழாயிலோ தண்டு உரசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்புக் கம்பிகளின் நீளம் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், சமதளத்தில் நிற்கும்போதே தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். ரப்பர் புஷ் கொண்ட இணைப்புகளை, வண்டியின் எடை சக்கரங்களின் மீது இறங்கிய நிலையில்தான் இறுதியாக முடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.

எல்லா வண்டிகளிலும் ஒரே முறை பயன்படாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 2005இல் அறிமுகமான பெரோடுவா மைவியின் பின் சக்கரங்கள் இரண்டையும் முறுக்கிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று இணைக்கிறது. அச்சட்டமே ஓரளவு சாய்வுத் தடுப்புத் தண்டின் வேலையையும் செய்கிறது. அதனுடன் மற்றொரு தண்டைச் சேர்ப்பது, ஏற்கெனவே உள்ள எதிர்ப்போடு புதிய எதிர்ப்பைக் கூட்டுவதாகும்.

இறுதியாக, சட்டத்தையும் மதிக்க வேண்டும். மலேசியாவில் வாகனங்களின் அமைப்பும் பயன்பாடும் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும் அதன் விதிமுறைகளுக்கும் உட்பட்டவை. திட்டமிட்ட மாற்றத்துக்கு ஒப்புதல் தேவையா என்பதைச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதும், காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்பதும் அறிவுடைமையாகும்.

கைத்தொழிலும் கல்வியும்

பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கும் கைகளுக்குப் பின்னால் கணிதமும் இயற்பியலும் இருக்கின்றன என்பதை இப்பாடம் காட்டுகிறது. வாகனத் துறையில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு இன்று பல வழிகள் திறந்திருக்கின்றன. தொழிற்கல்லூரிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழைப் பெறலாம். முதல் மூன்று நிலைகள் சான்றிதழாகவும், நான்காம் நிலை டிப்ளோமாவாகவும், ஐந்தாம் நிலை உயர்நிலை டிப்ளோமாவாகவும் அமைந்துள்ளன. வட சிலாங்கூர் மாணவர்களுக்குத் தொலைவும் ஒரு தடையன்று. ரவாங் அருகே சுங்கை சோவில் பெரோடுவாவின் தொழிற்சாலையே இயங்கி வருகிறது. தோட்டத்தில் டிராக்டர் பழுது பார்ப்பதைக் கண்டு வளர்ந்த பிள்ளை, நாளை வாகனப் பொறியாளராகவும் ஆகலாம்.

இளைஞரின் முடிவு

பெஸ்தாரி ஜெயாப் பட்டறைக்கு மீண்டும் வருவோம். இளைஞர் மூன்று கேள்விகளுக்கும் உண்மையாகவே விடை சொன்னார். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குச் செல்வது தோட்டத்துச் செம்மண் சாலை வழியாகத்தான். மலைச் சாலைக்குப் போவது எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை வந்தாலும் வேலைக்குப் போயாக வேண்டும். பின் இருக்கையில் பெரும்பாலும் அமர்பவர் பாட்டி. மாதம் ஒரு முறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பட்டறைக்காரர் வண்டியை உயர்த்திப் பின்புறத்தைச் சோதித்தார். ஒரு பக்க அதிர்வேற்பியில் எண்ணெய் கசிந்திருந்தது. பழைய தண்டைத் தாங்கிய ரப்பர் புஷ்கள் வெடித்து, விரலால் தொட்டாலே உதிர்ந்தன. பின் டயர் ஒன்று ஏறக்குறைய வழுக்கையாகிவிட்டது.

“தம்பி, தண்டு மெலிந்ததால் வண்டி சாயவில்லை. தண்டைப் பிடித்திருக்க வேண்டிய ரப்பர் கைவிட்டதால் சாய்கிறது. முதலில் இவற்றை மாற்றுவோம். அதற்குப் பிறகும் தேவை என்று தோன்றினால், உன் தண்டை எடுத்துக்கொண்டு வா. பிராக்கெட்டை வலுப்படுத்திவிட்டுப் போடலாம்,” என்றார் அவர்.

புதிய புஷ்கள், ஓர் இணை அதிர்வேற்பிகள், இரண்டு டயர்கள் ஆகியவை பொருத்தப்பட்டன. மறுநாள் மாலை இளைஞர் பாட்டியை ஏற்றிக்கொண்டு வண்டியை மெதுவாகத் தோட்டச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். வளைவில் முன்பிருந்த தள்ளாட்டம் இல்லை. குழியில் இறங்கியபோது பாட்டி முகம் சுளிக்கவும் இல்லை. நாளிதழில் சுற்றிய தண்டு அன்று வீட்டுச் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் மொழி. இரும்புத் தண்டுக்கும் அது பொருந்தும். ஓர் உறுப்பை மாற்றுவதற்கு முன், அது எதற்காக இருக்கிறது, எதனோடு இணைந்திருக்கிறது, யாரைச் சுமந்து செல்கிறது என்று கேட்கத் தெரிந்தவரே நல்ல தொழில்நுட்பர். நல்ல ஓட்டுநரும் அவரே.

கருத்துணர் வினாக்கள்

1. வேகத்தடையின் மீது வண்டி நேராக ஏறும்போது சாய்வுத் தடுப்புத் தண்டு ஏன் எதிர்ப்பைக் காட்டுவதில்லை?

2. ‘பிடிப்பு பிறப்பதில்லை, பகிரப்படுகிறது’ என்னும் கூற்றை உம் சொந்த நடையில் விளக்குக.

3. காண்டாக் கம்பின் வழி ஆசிரியர் உணர்த்த விரும்பும் கருத்து யாது?

4. 14 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதிலாக 16 மில்லிமீட்டர் தண்டைப் பொருத்தினால், அதன் எதிர்ப்பு ஏறத்தாழ எத்தனை மடங்காகும்? கணக்கிடுக.

5. நீர் அந்த இளைஞராக இருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பீர்? காரணங்களுடன் எழுதுக.